குச்சும் குடிசையும்

"படுங்க! எல்லாரும் படுங்க!"

முன்னால் போகிறவர் கத்துகிறார். விமானம் மூங்கில் உயரத்துக்கு இறங்குகிறது. சோளப்பொரி பொரிகிற சத்தம். மகள் செல்லத்தைத் தள்ளி மேலே விழுகிறேன். மண் தெறிக்கிறது. போய்விட்டது. மறுபடி நடை.

பர்மாவை விட்டு ஓடிவரும் கூட்டம் நாங்கள். மாசி மாதம். அரக்கான் மலைப்பாதை. கணவர் ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டுக்குப் பலியாகிவிட்டார். அது மார்கழியில், பகல் பத்து மணிக்கு. தோளில் மகன் குருவன். ஏழு வயது. வாந்திபேதி.

பாதையோரம் பச்சைக் கீற்றில் மறைப்புக் கட்டியிருந்தார்கள். குடிசை என்றார்கள். நோய் கண்டவர்களை அதில் விட வேண்டும்.

"நிக்காதீக! எல்லாருக்கும் ஒட்டிக்கிரும்! நடங்க!"

கிடத்தினேன். கண் திறந்திருந்தது. செல்லம் பார்த்துக்கொண்டு நின்றாள். நடந்தோம். கொஞ்ச நேரத்தில் பின்னால் புகை. கீற்று வெடிக்கும் சத்தம். அவன் அடங்கிய பிறகுதான் கொளுத்தினார்களா? தெரியாது. நான் திரும்பவில்லை.

உத்தமபாளையம் பக்கம் அண்ணன் வீட்டுக்கு வந்து ஒன்றரை வருடம். செல்லம் பெரியவளானாள். தாய்மாமன் முறைக்கு அண்ணன் வாசலோரம் பச்சைத் தென்னங்கீற்றில் குச்சு கட்டினார்.

குடிசை என்றால் அடுப்பு இருக்கும். ஆள் குடியிருக்கும். குச்சில் பெண் பதினாறு நாள் இருப்பாள். பிறகு தண்ணீர் ஊற்றி வீட்டுக்குள் அழைப்பார்கள். குச்சைக் கொளுத்துவார்கள். மலையில் கண்டதற்கு இந்த இரண்டு பெயரும் பொருந்தாது. அங்கே அடுப்பும் இல்லை. அழைக்க வீடும் இல்லை.

கீற்றைக் கண்டதும் செல்லம் ஓடினாள். கம்பம் ரோட்டில்தான் பிடித்தேன்.

"தம்பிய மாதிரி என்னையும் போட்டுட்டுப் போயிருவியாம்மா?"

"நானும் உள்ள வாரேன் ஆத்தா."

மதினி வாசலில் மறித்தார். "தாலியறுத்தவ குச்சுக்குள்ள போறதா? ஊரு காறித் துப்பும்!"

"துப்பட்டும் மதினி. நாங்க நடந்து வந்த தூரத்துக்கு இந்த எச்சி எட்டாது."

"ஆத்தாளுக்குத் தனியா ஒரு குச்சு கட்டவா? வழிய விடுடி," என்றார் அண்ணன்.

பதினாறு நாளும் கூட இருந்தேன். ரோட்டில் பஸ் உறுமினால் இருவரும் எழுந்து உட்காருவோம். அவள் கை என் சேலை முந்தியிலேயே இருக்கும்.

தண்ணீர் ஊற்றியாயிற்று. அண்ணன் கொள்ளியோடு வந்தார்.

"இருங்க மாமா."

செல்லம் குனிந்து உள்ளே போனாள். நாலு மூலையும் தடவினாள். வெளியே வந்தாள்.

"யாருமில்ல. வைங்க."

ரங்கூனில் நாங்கள் நான்கு பேர். வந்தது இரண்டு. போனது கணவர், மகன். வீடு ஒன்று. பித்தளைக் குடம் ஒன்று. கணவருக்குத் திதி கொடுக்க நாள் இருக்கிறது. குருவன் செத்த நாள் தெரியாது. விட்ட நாள்தான் தெரியும்.