நிறுத்தச் சொன்ன மாத்திரை

ஜாய்சன்: இப்ப எதுக்கு அழற? பிளாட்பாரத்துல எல்லாரும் பாக்கறாங்க.

பிளஸ்ஸி: அழல. தூசி.

ஜாய்சன்: ரெண்டு கண்ணுலயுமா...

பிளஸ்ஸி: மாஸ்க்க மேல ஏத்துங்க. தாம்பரம் ஸ்டேஷன் கூட்டத்துல கீமோ உடம்ப வெச்சுக்கிட்டு...

ஜாய்சன்: டாக்டர் மாத்திரையத்தான நிறுத்தச் சொன்னாரு. என்னை நிறுத்தச் சொல்லலியே.

பிளஸ்ஸி: விளையாடாதீங்க.

ஜாய்சன்: வைட்டமின் ஈ, ஆன்டிஆக்சிடன்ட்டுன்னு யாரையும் கேக்காம நீயா வாங்கிக் குடுத்த. மூணு மாசமா அத முழுங்கறதே எனக்கு ஒரு உத்தியோகம்...

பிளஸ்ஸி: கீமோல உயிரணு சாகாம அது காப்பாத்தும்னு போட்டிருந்துச்சு. நமக்கு ஒரு குழந்தை வேணும்னுதான...

ஜாய்சன்: எலிக்குத்தான் பலன் தெரிஞ்சுதாம். மனுஷனுக்கு நிச்சயம் இல்லன்னாருல்ல.

பிளஸ்ஸி: கீமோ மருந்தோட வேலையவே கெடுத்தாலும் கெடுக்கும்னாரே. உங்களுக்கு நானே கெடுதல் பண்ணிட்டேனோன்னு...

ஜாய்சன்: ஸ்கேன் நல்லாத்தான வந்திருக்கு. அதுவுமில்லாம... குழந்தைக்குத்தான் கீமோவுக்கு முன்னாடியே உயிரணுவ லேப்ல சேமிச்சு வெச்சாச்சே.

பிளஸ்ஸி: செங்கல்பட்டு வண்டி வருது. எழுந்திருங்க.

ஜாய்சன்: போகட்டும். அடுத்ததுல போலாம். ஒண்ணு சொல்லணும்.

பிளஸ்ஸி: கூடுவாஞ்சேரி போய்ச் சொல்லுங்க.

ஜாய்சன்: வீட்ல உங்கம்மா இருப்பாங்க... லேப்ல ஒண்ணும் இல்ல பிளஸ்ஸி. உனக்கு ஸ்கூல்ல லீவு கிடைக்கலன்னு அன்னைக்கு லேப்புக்கு சுவிசேஷமுத்து பாஸ்டர் துணைக்கு வந்தாருல்ல. ஏதோ ரத்த டெஸ்ட்டுன்னு நினைச்சிட்டாரு, பாவம். நான் ரூமுக்குள்ள போனதும் கதவுகிட்டயே சேர் போட்டு உக்காந்து, சத்தமா ஜெபம் பண்ண ஆரம்பிச்சிட்டாரு. என் பேரச் சொல்லி, உன் பேரச் சொல்லி...

பிளஸ்ஸி: ஐயோ.

ஜாய்சன்: முக்கா மணி நேரம். ஆமென் வரவே இல்ல. கையில கப்ப வெச்சுக்கிட்டு நான்... முடியல. காலிக் கப்ப அங்கியே வெச்சிட்டு வந்துட்டேன். உன்கிட்ட ஆச்சுன்னுட்டேன்.

பிளஸ்ஸி: பாஸ்டர்கிட்ட வெளிய போங்கன்னு சொல்றதுக்கு என்ன?

ஜாய்சன்: எதுக்குன்னு கேட்டா என்ன சொல்றது? நம்ம கல்யாணத்த நடத்தி வெச்சவரு... என்னத் திட்டிடு. இத்தன நாள் உன்ன ஏமாத்திட்டேன்.

பிளஸ்ஸி: நீங்க ஏமாத்தல.

ஜாய்சன்: அப்படின்னா?

பிளஸ்ஸி: ஃபாரத்துல என் நம்பர்தான போட்டிருந்தோம். அன்னைக்குச் சாயங்காலமே லேப்ல இருந்து ஃபோன் வந்துச்சு, கப் காலியா இருக்குன்னு. சனி, ஞாயிறு லீவு, திங்கட்கிழமை திரும்ப அனுப்புங்கம்மா, கீமோவ ஒரு வாரம் தள்ளி வெச்சுக்கலாமான்னு டாக்டரக் கேளுங்கன்னாங்க. நீங்க படுத்தா மூச்சு முட்டுதுன்னு சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தீங்க. ஒரு வாரம் தாங்குவீங்களான்னு... டாக்டரையும் கேக்கல, உங்களையும் கேக்கல. எங்களுக்குக் குழந்தை வேணாம்னு நான்தாங்க சொல்லிட்டேன்.