மணமாகாதவர்

— ...மறுபடி படிங்க. நடுவுல லைன் கட்டாயிடுச்சு.

— 'மனைவியின் வேலை விசா விண்ணப்பத்தில் மணமாகாதவர் என்று குறிக்கப்பட்டுள்ளது. இப்போது கணவர் என்ற முறையில் நீங்கள் விசா கோருகிறீர்கள். பதினான்கு நாட்களுக்குள் விளக்கம் தேவை.' அவ்வளவுதான். கீழே ஒரு கிறுக்கல் கையெழுத்து.

— எத்தனை நாள் போச்சு?

— ஒன்பது.

— ஒன்பது நாளா? இன்னைக்குத்தான் சொல்றீங்க.

— நீ வார்டுல இருக்கற ஆளு. இதை நினைச்சுக்கிட்டே யாருக்காவது ஊசியை மாத்திப் போட்டுட்டா...

— பேச்சை மாத்தாதீங்க.

— கல்யாணச் சான்றிதழ், போட்டோ, பதினொரு வருஷ வாடகைப் பத்திரம், எல்லாம் சேத்தாச்சு. கடிதம்தான் பாக்கி. எழுதி வச்சிருக்கேன், கேக்கறியா?

— சீக்கிரம். பத்து நிமிஷத்துல உள்ள போகணும்.

— 'பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரிய அதிகாரி அவர்களுக்கு...'

— விசாதாங்க கேக்கறோம். பொண்ணு கேக்கல.

— அச்சாபீஸ்ல பதினெட்டு வருஷமா பிழை திருத்தறவன் எழுத்து அப்படித்தான் இருக்கும். 'செவிலியரான என் மனைவி, தொடர் இரவுப் பணியின் களைப்பில், கவனக்குறைவாக அந்தக் கட்டத்தில்...'

— களைப்பா?

— ஏன், வேற என்ன?

— இல்ல... ஏஜென்ட் தப்பு பண்ணிட்டான்னு போடலாமேன்னு...

— நாம ஏஜென்ட்டே வைக்கலையே.

— அதுவும் சரிதான்.

— இன்னொண்ணு கேளு. 'மனைவியைச் சார்ந்திருக்கும் நபர்'னு என்னைப் போட்டிருக்கான்.

— அதுல என்ன பொய்? குக்கர் எத்தனை விசில்னு வீடியோல கேக்கறது யாரு?

— ம்... சிரிக்கறே. இங்க இருந்தப்ப கேட்டதில்ல இதை.

— இங்க வந்து ஏழு மாசமாத்தானே பேசவே ஆரம்பிச்சோம். அங்க நான் வீட்டுக்குள்ள வரும்போது நீங்க கிளம்பியிருப்பீங்க. சோத்து மேல ஒரு தட்டு மூடியிருக்கும்.

— நான் வரும்போதும் தட்டுதான்.

— கடைசி வருஷம் அந்தத் தட்டோடதான் குடும்பம் நடத்தினேன்.

— ...சரி, களைப்புன்னே முடிச்சுடவா?

— களைப்புன்னு எழுதாதீங்க.

— பின்ன?

— நல்லாத் தூங்கி எழுந்து, குளிச்சுட்டு, மேஜைல உக்காந்துதான் எழுதினேன். 'மணமானவர்' மேல பேனாவை வச்சுட்டு... எடுத்துட்டேன். தனியாப் போயிடணும்னு இருந்துச்சு. உங்ககிட்ட சொல்லிக்காமலே.

— இப்ப எந்தக் கட்டத்துல போடுவே?

— வீடு பாத்து வச்சிருக்கேனே, அது எதுக்குன்னு நினைச்சீங்க? இந்த ஹாஸ்டல்ல ஆறு பேருக்கு ஒரு பாத்ரூம். தனியாளுக்கு இதுவே போதுமே.

— அப்ப என்ன எழுத?

— நடந்ததை எழுதுங்க. 'அன்னைக்கு என்னை விட்டுட்டுப் போக நினைச்சவ, இன்னைக்குக் கூப்பிடறா'ன்னு. நான் கையெழுத்துப் போடறேன்.

— அப்படி எழுதினா முடியாதுன்னாலும் சொல்லிடுவான். உன் வேலைக்கே வினையாகலாம்.

— தெரியும். அதுக்காக இன்னொரு பொய்யைச் சொல்லி உங்களை இங்க இறக்க மனசு வரல.

— அப்ப என் பங்குக்கும் ஒரு வரி சேக்கணும்.

— உங்க பங்குக்கா? நீங்க என்ன பண்ணீங்க?

— கவரை ஒட்டித் தபால்ல போடுங்கன்னு எங்கிட்டதானே குடுத்துட்டுப் போனே... ஒட்டறதுக்கு முன்னாடி உன் விண்ணப்பத்தைக் கட்டம் கட்டமாப் படிச்சேன். பாஸ்போர்ட் நம்பர்ல ஒரு எண் தப்பா இருந்துச்சு. அப்படியே போயிருந்தா உனக்கு விசாவே வந்திருக்காது. அதை மட்டும் திருத்தி அனுப்பினேன்.