பத்து இருபதுக்குப் பிடித்த மீன்

“இன்னைக்கு முன்தட்டுல நான் நிக்கறேன். நீ பின்னாடி நில்லு.”

அண்ணனிடம் நான் கேட்டது இவ்வளவுதான். படகை இறக்கும் துறையில், அப்போதுதான் விடிந்திருந்தது, கையில் வேகவைத்த கடலைப் பொட்டலம். குரலை உயர்த்தக்கூட இல்லை. இதைக் கேட்கவே கூடாது என்று அம்மா மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். “படகைப் பத்தி அவன்கிட்ட வாயைத் திறக்காதே ரேலின். உனக்குப் படிப்பு இருக்கு. அவனுக்கு இருக்கறது அந்த முன்தட்டு ஒண்ணுதான்.”

சிஸ்ஸம் சார், விபத்து அறிக்கையில் கையெழுத்துக்காகத்தான் என்னை இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டீர்கள். என் அண்ணன் கோய் டாஸ்வெல், வயது முப்பத்தொன்று, டில்லார்ட் ஏரியில் மீனை இழுக்கும்போது தவறி விழுந்து இறந்தார் என்று நீங்களே எழுதி முடித்துவிட்டீர்கள். ‘வேறு ஏதேனும்’ என்று கீழே நாலு வரி காலியாக விட்டிருக்கிறீர்கள். எனக்கு அது போதாது. பின்பக்கத்திலும் எழுதுகிறேன்.

நீங்கள் கோல்ஃப் ஆடுகிறவர் என்று கேள்வி. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். பாஸ் மீன் பிடிக்கும் படகில் இரண்டு பேர் நிற்பார்கள். முன்தட்டில் நிற்பவனின் காலடியில் ஒரு மிதி இருக்கும். அதை அழுத்தினால் முன்னால் தொங்கும் சின்ன மின்மோட்டார் படகைச் சத்தமில்லாமல் நகர்த்தும். எங்கே போவது, பாசியில் எந்த ஓட்டையில் முதலில் தூண்டில் போடுவது, எல்லாம் அவன் முடிவு. பின்னால் நிற்பவளுக்கு அவன் போட்டு முடித்த தண்ணீர்தான். எச்சில் தண்ணீர் என்பேன் நான். படகுக்காரன் முன்னால், கூட வந்தவர் பின்னால் என்பதை எங்கள் மீன்பிடி கிளப்பில் யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. அப்பா செத்ததும் படகு கோய்க்குப் போயிற்று. அதையும் யாரும் எழுதி வைக்கவில்லை.

எங்கள் வீட்டில் கல்லூரியை முடித்த முதல் ஆள் நான். ஏரிச் செடிகளைப் பற்றி நாலு வருஷம் படித்துவிட்டு வந்து தூண்டில் கடையில் புழு விற்றேன். கோய் பத்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. அவன் படகின் பின்னால் நின்றுதான் மீன் பிடிக்கக் கற்றேன். அவன் கற்றுக்கொடுத்தான் என்று எழுதிவிடாதீர்கள். நான் பார்த்துக் கற்றேன்.

ஆகஸ்டில் எங்கள் ஏரியில் பாசி கம்பளம் மாதிரி மூடிவிடும். நீர்க்கோழி அதன்மேல் நடந்து போகும். மேலே வெயில், அடியில் நிழல், பெரிய பாஸ் எல்லாம் அந்த நிழலில் கிடக்கும். காற்றில்லாத காலையில் காதைக் கொடுத்தால் பாசிக்கடியில் சோளம் பொரிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். சின்ன மீன்கள் பூச்சி தின்கிற சத்தம் அது. அந்தச் சத்தம் இருக்கும் இடத்தில் பெரிய மீனும் இருக்கும். ரப்பர் தவளையைப் பாசியின்மேல் வீசி இழுக்க வேண்டும். முள் அதன் முதுகோடு ஒட்டியிருப்பதால் பாசி சிக்காது. ஓட்டை வந்ததும் நிறுத்த வேண்டும். தண்ணீர் வெடித்த மாதிரி மீன் பாயும்போது யாருக்கும் கை தானாக வெட்டி இழுக்கும். இழுக்கக் கூடாது. கனம் கைக்கு வரும்வரை சும்மா நிற்க வேண்டும். முதல் வருஷம் அவசரத்தில் பதினாலு மீனை விட்டேன். ஒவ்வொன்றுக்கும் கோய் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். “பொறுமைன்னு ஒரு பாடம் இருந்திருக்குமே மேடம், அன்னைக்கு லீவா?”

மிச்சம் இரண்டே விஷயம். கலங்கிப்போன ஓட்டைக்கு அரைமணி நேரமாவது ஓய்வு கொடுக்க வேண்டும். பெரிய மீன் பாசிக்குள் புதைந்துகொண்டால் தூண்டில் நரம்பைப் பிடித்து இழுக்காமல் படகை அதனிடம் கொண்டுபோய்க் கையால் பாசியை வாரி எடுக்க வேண்டும். இதைக் கற்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது. மூன்றாவது வருஷம் எங்கே போவது என்று நான்தான் சொன்னேன். அடிமண் இறுகியிருக்கும் இடத்தில் பாசி மெலியும், அங்கே மீன் ஒதுங்கும். அது எனக்குப் புத்தகத்தில் வந்தது. நான் கையைக் காட்டுவேன், அவன் படகை விடுவான், அவனே முதலில் வீசுவான்.

ஜூன் போட்டியில் அவன் வீசி முடித்த ஓட்டையில் எட்டு பவுண்டு மீன் ஒன்றைப் பிடித்தேன். படகில் இரண்டு மீன்தொட்டி, ஆளுக்கொன்று. எடை போடும் இடத்துக்கு வந்தபோது என் தொட்டியில் அது இல்லை.

“கோய், என் பெரிய மீன் எங்க?”

“படகு யாருது?”

“உன்னுது.”

“தொட்டி?”

“உன்னுது.”

“அப்புறம் மீன் மட்டும் எப்படிடி உன்னுதாகும்?”

தராசுக்குப் பின்னால் நின்ற கிளப் தலைவர் கிரிம்ஸிடம் போய்ச் சொன்னேன். அவர் என் தோளைத் தட்டினார். “அண்ணன் தங்கச்சி சண்டையைத் தராசுல வைக்காதே கண்ணு. ரெண்டும் ஒரே வீட்டுக்குத்தானே போகுது?” வரிசையில் யாரோ, “பொண்ணுக்கு ஒரு மிட்டாய் குடுத்து அனுப்புங்கய்யா” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்ததாக நினைவு.

வருஷம் முழுக்கப் பிடித்த எடையில் யார் முதலோ அவரை மாநிலப் போட்டிக்கு அனுப்புவார்கள். கிளப்புக்கு ஒரே ஓர் இடம். அந்த எட்டு பவுண்டு என் கணக்கில் இருந்திருந்தால் அது என் இடம். செப்டம்பர் போட்டிதான் கடைசி. அதனால்தான் அன்று கேட்டேன்.

கோய் என்னை விட்டுவிட்டுத் துறையில் நின்றவர்களுக்குச் சொன்னான். “கேட்டீங்களா? மேடத்துக்கு முன்தட்டு வேணுமாம். எதுக்குடி, பட்டத்தை அங்க மாட்டி வைக்கவா?” பிறகு என் கடலையில் ஒரு கை அள்ளிக்கொண்டு முன்தட்டில் ஏறினான்.

மேற்குக் கரைப் பாசிக்குப் போனோம். பெரிய எஞ்சினை நிறுத்தியதும் மிதவைச் சட்டையைக் கழற்றிப்போட்டான். எல்லோரும் செய்வதுதான், நானும் கழற்றினேன். ஒன்பதரைக்கு அவன் தவளையை ஒரு மீன் அடித்தது. அடித்ததும் பாசிக்குள் புதைந்துகொண்டது. படகை அங்கே விட்டான். மோட்டார் விசிறியில் சிக்கிய பாசியைக் கத்தியால் அறுத்துச் சுத்தம் செய்தான். பிறகு மண்டிபோட்டு இரண்டு கையாலும் வாரினான். மீன் எப்போதோ போய்விட்டிருந்தது, தவளை மட்டும் பாசித்தண்டில் குத்தி நின்றது. பின்னாலிருந்தே எனக்கு அது தெரிந்தது. சொல்லவில்லை. இன்னும் எட்டி வாரினான். தலைகுப்புறப் போனான்.

அங்கே ஏழடி ஆழம். ஏழடியும் பாசி. உதைக்க உதைக்கக் காலைச் சுற்றும். ஒருமுறை மேலே வந்தான், முகமெல்லாம் பச்சை. படகின் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டான்.

“ரே, கையைக் குடு.”

அவனிடம் போக முன்தட்டில் ஏறித்தான் ஆக வேண்டும். ஏறினேன். முன்தட்டில் நிற்பவர் மிதியின்மேல் கால் வைத்துத்தான் ஆக வேண்டும். வைத்தேன். குதிகாலை அழுத்தினால் மோட்டார் திரும்பும், படகு பின்னால் போகும். நாலு கஜம்தான் போனேன். நான் யாரையும் தள்ளவில்லை. அவன் விரல்கள் விளிம்பிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்றன.

“ரே, விளையாடாதே” என்றான்.

அவன் விழுந்த இடத்தில் பாசி விலகிப் பெரிய ஓட்டை ஆகியிருந்தது. சாப்பாட்டு மேஜை அளவு இருக்கும். யாரும் தூண்டில் போடாத தண்ணீர். மூன்று வருஷத்தில் எனக்கு முன்னால் யாரும் தொடாத தண்ணீரை அன்றுதான் பார்த்தேன். உடனே வீசியிருந்தால் பாழாகியிருக்கும். இருக்கையில் உட்கார்ந்தேன். டீ குடித்தேன். கடலைத் தோலைத் தண்ணீரில் போடாமல் பொட்டலத்திலேயே போட்டேன். குமிழிகள் நின்று வெகுநேரம் கழித்து ஓட்டையின் ஓரத்தில் சோளம் பொரிகிற சத்தம் தொடங்கியது. எழுந்து வீசினேன். தவளையை நடுவில் நிறுத்தினேன். தண்ணீர் வெடித்தது. நான் இழுக்கவில்லை, கனம் வரும்வரை நின்றேன்.

பதினொரு பவுண்டு இரண்டு அவுன்ஸ்.

தொட்டியில் விட்டு, கையைத் துடைத்து, பத்து முப்பத்தொன்றுக்கு உங்களைக் கூப்பிட்டேன். “இப்பத்தான் விழுந்தான்” என்றேன். அது பொய், திருத்திக்கொள்ளுங்கள்.

இத்தோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். சாயங்காலம் உங்கள் ஆட்கள் கொக்கி போட்டு அவனை வெளியே எடுத்த பிறகு, கிரிம்ஸ் தொப்பியைக் கழற்றிவிட்டு என் மீனைத் தராசில் வைத்தார். “கோயோட கடைசி மீன்” என்று உரக்கச் சொன்னார்.

“அது நான் பிடிச்சது, மிஸ்டர் கிரிம்ஸ்.”

“தெரியும் கண்ணு, உனக்கு அதிர்ச்சி. இன்னைக்கு அவனுக்கே இருக்கட்டும்.”

அம்மாவிடமும் சொன்னேன். கன்னத்தில் அறைந்தாள். “செத்தவன்கிட்ட இருந்துமா பிடுங்குவே?”

இப்போது மீனைக் கிளப் சுவரில் மாட்டப்போகிறார்கள், அதாவது அச்சு அசலாகப் பிளாஸ்டிக்கில் செய்த மீனை. அடியில் பித்தளைப் பலகை, அதில் அவன் பெயர். மாநிலப் போட்டியில் எங்கள் கிளப் இடத்தைக் காலியாக விட்டு, அவன் பெயரைக் கூப்பிட்டு ஒரு நிமிஷம் மௌனமாக நிற்பார்களாம். என்னிடம் கேட்கவில்லை. உங்கள் தாளிலும் அதேதான், ‘மீனை இழுக்கும்போது.’

ஆதாரம் தருகிறேன். படகின் முன்தட்டில் வரைபடத் திரை இருக்கிறது. படகு போன தடமெல்லாம் நேரத்தோடு அதில் பதியும். ஒன்பது நாற்பதுக்குப் படகு நாலு கஜம் பின்னால் போயிருக்கும், பிறகு அசையாமல் நிற்கும். மீன் பிடித்ததும் பொத்தானை அழுத்தி இடத்தைக் குறித்து வைப்பேன். அந்தக் குறியில் பத்து இருபது என்றிருக்கும். நடுவில் நாற்பது நிமிஷம். அவ்வளவு நேரம் தண்ணீருக்கடியில் கிடந்தவன் மீன் பிடித்திருக்க முடியாது. இது உங்களுக்கே புரியும் என்று நினைக்கிறேன்.

காப்பி கொண்டுவரப் போனீர்கள், இன்னும் காணோம். நான் காத்திருக்கப் போவதில்லை. இன்று ஆறு மணிக்குக் கிளப்பில் மீனை மூடிய துணியை விலக்குகிறார்கள், அம்மா முன்வரிசையில் இருப்பாள், பலகையில் நாலு திருகுதான். ஸ்க்ரூடிரைவரைக் காலையிலேயே பையில் எடுத்து வைத்துவிட்டேன். கையெழுத்துப் போட்டுத் தாளை உங்கள் மேஜையில் வைக்கிறேன். கதவு திறந்திருக்கிறது. கிளப் இரண்டு தெரு தள்ளித்தான், நடந்தே போய்விடுவேன். என்னைத் தேடி அலைய வேண்டாம், மீனுக்குப் பக்கத்தில்தான் நிற்பேன்.