எபெலே போட்ட பூட்டு

— வந்தவளுக்கு ஒரு கோலாக் கொட்டைகூட எடுத்து வைக்கலியே ஓலுச்சி. ஸ்டேஷன்லேர்ந்து ஜாமீன்ல நேரா இங்கதான் வரேன்.

— கோலாக் கொட்டை வாங்கக் கடைக்குப் போகணும்னா வாசப்படி தாண்டணுமே எபெலேக்கா. நீங்கதான் விடலியே. உக்காருங்க, எழுந்திருக்க எனக்குத் தெம்பில்ல.

— குத்திக் காட்டாத. செத்தவன் என் கூடப் பிறந்த தம்பி. அவனுக்குச் செய்யவேண்டிய முறையைச் செஞ்சேன். அதுக்குப் போயி என்னை லாக்கப்புல உக்கார வெச்சிட்டியே, எங்க பொண்டாட்டி.

— இகென்னாவைப் புதைச்சாச்சு. இன்னும் நான் உங்க எல்லாருக்கும் பொண்டாட்டிதானா?

— பின்ன? இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவளை நாங்க எல்லாருமே எங்க பொண்டாட்டின்னுதானே கூப்பிடுவோம். பாரு, இந்த வீட்டுல பிறந்த பொண்ணுங்க நாங்க. தம்பி போனா அவன் பொண்டாட்டியை ஏழு சந்தை, அதாவது இருபத்தெட்டு நாள், முடியிற வரைக்கும் அறைக்குள்ள வைக்கிறது எங்க பொறுப்பு. இதை நானா கண்டுபிடிச்சேன்?

— மொட்டை அடிச்சீங்க, பொறுத்துக்கிட்டேன். பாயில உக்காருன்னீங்க, உக்காந்தேன். வெளியில பூட்டு எதுக்குக்கா?

— நீ ஓடப் பாத்தே.

— ஓடல. பிள்ளை ஜுரத்துல அழற சத்தம் கேட்டு எழுந்து வந்தேன். மூணு பேரா சேர்ந்து உள்ள தள்ளிப் பூட்டுனீங்க. கதவைத் தட்டித் தட்டி கை எப்படி வீங்கிக் கிடக்கு பாருங்க.

— பிள்ளைக்கு நான்தானே மருந்து குடுத்தேன். விடிய விடிய என் மடியிலதான் கிடந்தான்.

— இல்லேன்னு சொல்லல. ஆனா அவன் கூப்பிட்டது உங்களை இல்லையே.

— சரி விடு. அந்த இன்ஸ்பெக்டரம்மா சொல்றா, ஒருத்தியை அவ இஷ்டமில்லாம அடைச்சு வெச்சாலே குத்தமாம். பூட்டே போடாம, வெளிய வந்தா நடக்கிறதே வேறன்னு மிரட்டி உக்கார வெச்சாலும் அதே குத்தம்தானாம். ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயிலாம். அதுபோக நீ தனியா கேஸ் போட்டு நஷ்டஈடு கேக்கலாமாம். இது எங்க வழக்கம்மான்னேன். அதை ஜட்ஜுகிட்ட சொல்லிப் பாருங்கன்னு கொட்டாவி விடறா.

— ம்.

— ம்னா என்ன அர்த்தம்? இந்த வயசுல ஜெயில்ல போயி நான் என்ன பண்ணுவேன்? வீட்டுல அவர் பக்கவாதம் வந்து படுத்துக் கிடக்காரு. நான் ஊட்டினாத்தான் சாப்பாடு. இன்னொரு தடவை வந்தா தாங்காதுன்னு டாக்டரே கைய விரிச்சிட்டாரு. எனக்கும் அலுத்துப் போச்சு ஓலுச்சி. கேஸை வாபஸ் வாங்கிடு, உன் கால்ல வேணா விழறேன்.

— விழாதீங்க. உங்களைப் பழிவாங்கி எனக்கு ஆகப்போறது ஒண்ணுமில்ல. எனக்குத் தூங்கணும், அவ்வளவுதான். ஆனா என்னால வாபஸ் வாங்க முடியாது.

— ஏன் முடியாது?

— புகார் குடுத்தது நான் இல்ல. உள்ள அடைஞ்சு கிடந்தவ எப்படி ஸ்டேஷனுக்குப் போவேன்? போனைக்கூட நீங்கதானே பிடுங்கி வெச்சீங்க.

— அப்ப எவ குடுத்தா? உங்கம்மாவா?

— உங்க சினேலோ.

— எந்தச் சினேலோ?

— எத்தனை சினேலோ பெத்தீங்க?

— என் பொண்ணா? உனக்குச் சமைச்சுப் போடணும்னு அவளை நான்தானே கூட்டிட்டு வந்தேன். கசப்பிலைச் சூப்பும் ஃபூஃபூவும் தட்டுல வெச்சு உள்ள குடுத்ததே அவதானே.

— அவதான். தட்டைக் குடுத்துட்டு நேரா ஸ்டேஷனுக்குப் போயிருக்கா.

— பெத்தவளை ஜெயிலுக்கு அனுப்புற அளவுக்கு அவளுக்கு நான் என்ன செஞ்சேன்?

— நானும் இதைத்தான் கேட்டேன். அழுதா. ‘அப்பா இன்னும் ரொம்ப நாள் தாங்க மாட்டாரு மாமி. அவர் போனா என் அத்தைங்க எல்லாரும் சேர்ந்து அம்மாவையும் இப்படித்தான் உள்ள தள்ளிப் பூட்டுவாங்க. இதுக்கு ஜெயில் உண்டுன்னு அவங்க இப்பவே பாத்துக்கட்டும்’னா.