அறுபத்தி மூண்டாம் துண்டு

நில்லுங்கோ தங்கச்சி, அப்பிடியே சைக்கிளை உருட்டிக்கொண்டு போகாதேங்கோ. பின்ரயரில காத்தில்லை. ரெண்டு நிமிசம், பம்ப் அடிச்சுத் தாறன். நாலு மணி மட்டும்தானே ஆமி பாஸ் தந்தவங்கள்? அப்ப நேரம் கிடக்கு. அந்த வாங்கில இருங்கோ.

ஓம், அஞ்சு மாசம். நான்தான் சாக்குப் போட்டு மூடி வச்சனான். இஞ்சத்த உப்புக்காத்துக்கு செயின் லேசில கறள் கட்டிரும். கிழமைக்கு ஒருக்கா எண்ணெய் விட்டனான். ஐயோ, அதுக்கெல்லாம் கும்பிடாதேங்கோ. மருந்துப் போத்தலைப் பஸ்ஸில குடுத்துவிட்டதுக்கும் வேண்டாம். ஐயா எண்டும் கூப்பிடாதேங்கோ. பஸ்ரியன் எண்டு சொல்லுங்கோ, காணும்.

உங்கட வீட்டுக்காரர் பெரியசாமி பாப்பாமோட்டையில இருந்து இதிலதானே வருவார். ஆஸ்பத்திரிக்குப் போறதெண்டா இந்தச் சைக்கிள் பார்க்கிலதான் விடுவார். இஞ்சத்த சட்டம் தெரியும்தானே? ஒரு மட்டையை ரெண்டாக் கிழிச்சு ரெண்டிலயும் ஒரே நம்பர் எழுதுவன். ஒரு துண்டு ஹாண்டில்ல கட்டுறது, மற்றது ஆளின்ர கையில. இந்தச் சுத்திக் கட்டின கயித்துக்கு உள்ளுக்கு நிண்டா என்ர பொறுப்பு. வெளியால, றோட்டோரம், ஆளில்லாமல் ஒரு சைக்கிள் நிண்டா ஆமிக்கு அது குண்டு. தூக்கி ட்ரக்கில போட்டுக்கொண்டு ஆமிக் காம்புக்குப் போயிருவாங்கள். சொந்தக்காரன் அடையாள அட்டை, ஐசியோட போய் எடுக்கவேணும். எத்தினை பேர் போய் எடுத்தவை. ரெண்டு கேள்வி, ஒரு ஏச்சு, அவ்வளவுதான். அதை நினைச்சுத்தான் நானும்.

சைக்கிளை மூண்டாம் நாள் கொண்டுவந்து போட்டிட்டாங்கள். எடுக்கப் போன ஆளைக் கேட்டா அப்பிடி ஒருத்தனும் வரேல்லையாம்.

என்ன சொல்லுறியள்? அவர்தான் சொல்வழி கேளாமல் வெளியால விட்டவரோ? ஆர் சொன்னது? ஊர் விதானையாரோ. பிள்ளையளிட்டயும் அப்பிடித்தான் சொல்லி வச்சிருக்கிறியளோ. ம். கோவம் வரும்தான். ஒரு கயித்துக்கு உள்ளுக்கு விடப் பஞ்சிப்பட்டு, குடும்பத்தை இப்பிடி நடுறோட்டில விட்டிட்டாரே எண்டு கோவம் வரும்தான்.

ஆஸ்பத்திரியில சீவரத்தினம் எண்டு ஒரு கிளாக்கர். எனக்கு இந்த வேலையை எடுத்துத் தந்த மனுசன். அண்டைக்கு வெள்ளிக்கிழமை, கிளினிக் நாள், பார்க் நிரம்பிப்போய்க் கிடக்கு. மோட்டச்சைக்கிளோட வந்து நிக்கிறார். அஞ்சு நிமிசம் பஸ்ரியன் எண்டார். அவருக்குப் போய் இடமில்லை எண்டு எந்த வாயால சொல்றது? ஒரு சைக்கிளை வெளியால எடுத்தால் சரி. முந்தியும் செய்தனான் தங்கச்சி, மறைக்கேல்லை. அதுக்கும் ஒரு முறை வச்சிருந்தனான். வாத்திமாற்ற சைக்கிள், கடைக்காரற்ற சைக்கிள் தொடமாட்டன். அவை வந்து சத்தம் போடுவினம். மலைநாட்டில இருந்து வந்த உங்கட ஆக்கள்ற சைக்கிளைத்தான் எடுக்கிறது. நீங்கள் ஒண்டும் கேக்கமாட்டியள். நானும் உங்களையெல்லாம் நீ, வா, போ எண்டுதானே கதைக்கிறனான். இண்டைக்குத்தான் வாயில நீங்கள் எண்டு வருது.

எழும்பாதேங்கோ. இருங்கோ. மிச்சத்தையும் கேட்டிட்டு என்னை என்ன வேணுமெண்டாலும் செய்யுங்கோ.

ட்ரக் வந்து நிண்டதைக் கண்டனான். ஓடிப்போய், இது என்ர பார்க்குச் சைக்கிள், நான்தான் இதில வச்சனான் எண்டு சொல்லியிருக்கலாம். போகேல்லை. பயம், வேறென்ன. பிறகு பெரியசாமி மருந்துப் போத்தலோட வந்தார். ஐயா, உள்ளுக்குத்தானே விட்டனான் எண்டார். இல்லை, நீ வெளியால விட்டிட்டாய், போய் ஐசியைக் காட்டி எடு எண்டன். அவற்ற ஐசியில இந்த ஊரில்லாமல் பதுளை விலாசம் கிடக்கெண்டு, அதுக்கே சந்தேகத்தில மறிப்பாங்களெண்டு எனக்கெப்பிடித் தெரியும்? நீங்கள் இப்ப உட்கார்ந்திருக்கிற வாங்கிலதான் போத்தலை வச்சிட்டுப் போனவர்.

அஞ்சு மாசமா நான் நற்கருணை எடுக்கேல்லை. பாவசங்கீர்த்தனத்துக்கும் போகேல்லை. பாதரிட்டச் சொல்லி மன்னிப்பு வாங்கிறது லேசு. உங்களுக்குத் தெரியாமல் அதை வாங்கி நான் என்ன செய்யிறது?

பாதர் காம்புக்குக் கடிதம் எழுதுறார் எண்டனீங்கள்தானே. இந்தத் துண்டையும் வச்சு அனுப்பச் சொல்லுங்கோ. என்ர பேரையும் எழுதச் சொல்லுங்கோ, எங்க வேணுமெண்டாலும் வந்து கையெழுத்து வைக்கிறன். பிள்ளையளுக்கும் காட்டுங்கோ. அவர் உள்ளுக்குத்தான் விட்டவர். பாருங்கோ, அறுபத்தி மூண்டு. இது ஹாண்டில்ல கட்டியிருந்த பாதி. வெளியால எடுக்கேக்க நானே கழட்டினது.

மற்றதோ? மற்றது அவற்ற கையில இருந்தது. காம்பில அதைக் காட்டினா என்னைத்தானே வந்து பிடிப்பாங்கள். அதுதான், போக முன்னம், உன்ர துண்டைத் தந்திட்டுப் போ எண்டு கேட்டனான். ஓம் ஐயா எண்டு சொல்லித் தந்திட்டுத்தான் போனவர்.