பங்கருக்கு வாசித்த காமிக்ஸ்

— சத்தத்தக் கொறச்சு வாசிங்கண்ணே. போன் வெளிய கேக்குது.

— நான் ஹட்டன்ல கடைக்குள்ள ஒக்காந்து வாசிக்கிறேன். ரஷ்யாவுல பங்கருக்கு வெளிய எவனுக்குய்யா தமிழ் கேக்கப் போவுது?

— இங்க எல்லாரும் மெதுவாத்தான் பேசுறோம். பழகிப் போச்சு.

— சரி, கொறச்சே வாசிக்கிறேன். தரணிதரன் பொஸ்தகக் கடையில இப்ப இந்த வேலையும் நடக்குது. கேட்டியா கஜேந்திரா, காலையில இருந்து ரெண்டே பேரு வந்தாங்க. அதுவும் வடை சுத்தப் பழைய பேப்பர் இருக்கான்னு. மழை வேற நிக்க மாட்டேங்குது. கதை கேக்க இந்த டவுன்லயே ஆளில்ல, நீ ஒருத்தன்தான். எங்க விட்டோம்?

— ஆத்துல எறங்குனாங்க.

— ஆங், இந்தா இருக்கு. படம் பூரா கறுப்பு, அச்சடிச்சவன் மைய அள்ளிக் கொட்டியிருக்கான். ஆறு கமாண்டோவும் மூஞ்சியில கரி பூசிக்கிட்டு, கழுத்தளவு தண்ணியில நிக்கிறாங்க. முன்னுக்கு கேப்டன் மோர்லி. அடுத்து நம்ம மொட்டை சார்ஜன்ட், வாயில கத்தியக் கடிச்சுக்கிட்டு. கடைசியில ரேடியோக்காரப் பயல். பாலத்து மேல ஜெர்மன்காரன் ஒருத்தன் சிகரெட் பத்த வைக்கிறான். மொட்டை சொல்றான், "கேப்டன், இன்னும் ஐந்து நிமிடம் இந்தத் தண்ணீரில் நின்றால், என் தலையில் மிச்சமிருக்கும் மூன்று முடியும் உறைந்து போகும்!"

— ம்.

— என்னய்யா ம்? மொட்டை வாயத் தொறந்தாலே விழுந்து விழுந்து சிரிப்ப நீ. கடை வாசல்ல நின்னு சிரிச்சே எனக்கு வந்த யாவாரத்தக் கெடுத்தவன்.

— பல்லு வலிண்ணே.

— போன வாரமும் பல்லு வலின்ன.

— அதே பல்லுதான். அந்த ஆறு ரொம்பக் குளிருமா?

— நோர்வே ஆறுய்யா, குளிராதா? ஆளுக பேருதான் கற்பனை. இந்த மாதிரி நெசமா நடந்துருக்கு. ரெண்டாம் ஒலக யுத்தத்துல இங்கிலீஸ்கார கமாண்டோமாரு நோர்வேக் கரையில போயி எறங்கி, மீனெண்ண ஆலையெல்லாம் வெடி வச்சுட்டுத் திரும்பி வந்தாங்க. பெரிய பட்டாளம் செய்யாதத கொஞ்சப் பேரு செஞ்சாங்க. இருட்டோட போறது, ஆளு சுதாரிக்கிறதுக்குள்ள வேலைய முடிச்சுட்டு வந்துர்றது. அதுதான் கமாண்டோ.

— இங்க அப்பிடி முடியாதுண்ணே. இருட்டு ஒதவாது.

— ஏன்?

— மேல ஒரு மெசின் பறக்கும். ஒடம்புச் சூட்ட வச்சே ஆளப் பாத்துரும். எங்க கூட ஒரு சிங்கள அய்யா இருந்தாரு, நம்ம நாட்டு ஆர்மியில நெசமாவே கமாண்டோவா இருந்தவரு. அவரும் அதத்தான் சொன்னாரு. படிச்ச வித்தை ஒண்ணும் இங்க செல்லாதுன்னு.

— இருந்தாருன்னா, இப்ப எங்க?

— இல்ல.

— அட கடவுளே. எப்ப?

— தெரியலண்ணே. நாள் ஞாவகம் இருக்க மாட்டேங்குது. வாசிங்க.

— இரு, இதச் சொல்லு. இதுல பக்கத்துக்குப் பக்கம் டமார், டுமீல்னு போட்டுருக்கான். அந்த மெசின் சத்தம் எப்பிடி இருக்கும்?

— தோட்டத்துல புல்லு வெட்டுற மெசின் தூரத்துல ஓடுற மாதிரி. கிட்ட வரவரச் சத்தம் கூடும். பொறகு ஒண்ணும் கேக்காது.

— பயமா இல்லையாய்யா ஒனக்கு?

— மொதல்ல இருந்துச்சு. இப்ப பசிக்கிறதே தெரியல, பயம் எங்க தெரிய. வாசிங்கண்ணே, சார்ஜ் எறங்குது.

— எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு அந்த ஏஜென்ட மட்டும் பாத்தேன்னா தெரியும். ஹோட்டல் கிச்சன்ல பாத்திரம் கழுவுற வேலை, மாசம் இவ்வளவு சம்பளம்னு ஆசை காட்டி ஏத்தி விட்டானே. தெரியாத பாசையில கையெழுத்து வாங்கிக்கிட்டு துவக்கத் தூக்கிக் குடுத்து யுத்தத்துக்கு அனுப்பிட்டானுங்க. நீயும் இங்க கமாண்டோ கதை படிக்கிறப்ப, ஒரு நாளைக்காவது நானும் இப்பிடிப் போவணும்ணே அப்படின்னு சொல்லுவ. சும்மா சொல்றான்னு நானும் சிரிச்சேன்.

— அப்பிடியா சொன்னேன்?

— சொன்னியேய்யா, இந்த ஸ்டூல்ல ஒக்காந்து. சரி, இன்னொரு விசயம். கிருஷாந்தி இன்னைக்குக் கடைக்கு வருது.

— யாரு?

— யாரா? ஒம் பொண்டாட்டி. பல்லு வலி காதுக்கும் ஏறிருச்சா?

— லைன் சரியில்லண்ணே. அவங்க எதுக்கு வர்றாங்க?

— எதுக்கா? ஒரு மாசமா அந்தப் புள்ளைக்கு நீ ஒரு கோல் பண்ணல. எனக்கு மட்டும் வாரா வாரம் பண்ற. தோட்டத்துல என்ன பேசுவாங்கன்னு யோசிச்சியா? ஒங்க அப்பா வீரய்யா இருக்காரே, அவரு கோயில்ல, கொழுந்து நிறுக்குற மடுவத்துல, பாக்குற ஆளுகிட்டயெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு, எம் மகன் ஹட்டன் கடைக்குப் பேசுறான், நல்லா இருக்கான்னு. அந்தப் புள்ள மட்டும் வாயே தொறக்கல. நேத்து ஆள் விட்டு என்கிட்ட கேட்டுச்சு, எத்தன மணிக்குப் பேசுவாருன்னு.

— வேணாம்ணே. அவங்க அழுவாங்க.

— அழட்டும்யா. புருசன்கிட்ட அழாம என்கிட்டயா வந்து அழும்?

— எனக்கு அவங்ககிட்டப் பேச ஒண்ணும் இல்ல. வர்றதுக்கு முன்ன வச்சுர்றேன். பாலம் ஒடையுதா இல்லையா, அத மட்டும் சொல்லிருங்க.

— நீ நாலு தடவ படிச்ச பொஸ்தகம்யா இது.

— மறந்துருச்சு.

— அட விடுப்பா. ஒன் மறதியும் நீயும். அவசரப்பட்டா கதையில என்ன ருசி? இந்தா, பாலத்துக்குக் கீழ வந்துட்டாங்க. மொட்டை வெடிய எடுத்துத் தூண்ல கட்டுறான்...

— தரணி அண்ணே.

— வாம்மா கிருஷாந்தி. நல்ல நேரத்துக்கு வந்த, லைன்லதான் இருக்கான். ஸ்பீக்கர்லதான் போட்டுருக்கேன். கொடைய அந்த மூலையில வையி. இந்தா போன், பேசு.

— இருக்கட்டும். நீங்க வாசிங்க.

— பொண்டாட்டி நனைஞ்சுக்கிட்டு வந்து நிக்கிது, நான் என்னத்த வாசிக்க?

— வாசிங்கண்ணே. நான் செத்த நேரம் ஒக்காந்து கேக்குறேன்.

— கேட்டியா கஜேந்திரா? கோவத்துல இருக்கு போல. நீயா ஒரு வார்த்தை கூப்புடு.

— வாசிங்கண்ணே.

— ரெண்டு பேரும் சொல்லி வச்ச மாதிரி. சரி, வாசிக்கிறேன். வெடி கட்டியாச்சு. திரும்பி வர்றப்ப மேல இருந்து சுடுறான். ரேடியோக்காரப் பயலுக்குத் தொடையில பட்டுருது. அவன் சொல்றான், "கேப்டன், நீங்கள் போங்கள். என்னைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்." அதுக்கு கேப்டன் மோர்லி அவனத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு, "கமாண்டோக்கள் தங்கள் தோழனை விட்டுவிட்டுப் போவதில்லை!"

— விட்டுட்டுத்தான் போவாங்க.

— என்னய்யா?

— தூக்கப் போறவனையும் அது அடிக்கும். அதுக்குன்னே மேல நின்னுக்கிட்டு இருக்கும். கத்துனாலும் போவக் கூடாதுன்னுதான் ஓர்டர். ரொம்ப நேரம் கத்த மாட்டாங்க.

— இது கதைய்யா. சும்மா...

— தம்பி, நீங்க யாரு?

— என்னம்மா கேள்வி இது? கஜேந்திரன்மா. மெதுவாப் பேசுறான், லைனும் சரியில்ல. அதான் கொரல் அப்பிடிக் கேக்குது.

— அவரு செத்துட்டாருண்ணே.

— நீ என்ன பேசுறன்னு தெரிஞ்சுதான் பேசுறியா?

— வலப்பனைக்காரர் ஒருத்தர், யோகேஸ்வரன்னு பேரு. இவருகூட அங்க இருந்தவரு, ஒரு கால எடுத்துட்டுத் திருப்பி அனுப்பியிருக்காங்க. போன ஞாயித்துக்கெழமை எங்க லயத்து வீட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போனாரு. இவரு விழுந்தத அவரு கண்ணால பாத்துருக்காரு.

— வாரா வாரம் நான் இவன்கிட்ட...

— அதாண்ணே வந்தேன். மாமா நம்ப மாட்டேங்கிறாரு. செத்தவன் எப்பிடிக் கடைக்குப் பேசுவான்னு கேக்குறாரு. கருமாதி செய்யக் கூடாதாம், தாலியில கை வைக்கக் கூடாதாம். பஸ்ல வர்றப்ப எனக்கும் ஒரு நெனப்பு வந்துச்சு. அந்த ஆளு பேரு மாறிச் சொல்லியிருந்தா, பேசுறது இவராவே இருக்குமோன்னு. அதான் ஒக்காந்து கேட்டேன். இவரு இல்ல. எனக்கு அழுகையும் வரலண்ணே. தம்பி, லைன்ல இருக்கீங்களா?

— இருக்கேங்க.

— பேரு என்ன?

— துஷாந்த். பட்டிப்பொலதான் ஊரு.

— அவருகூட இருந்தீங்களா?

— பக்கத்துலதான். போன சார்ஜ் போடச் சொல்லி என்கிட்டக் குடுத்துட்டு வெளிய போனாரு. அக்கா, அவரத் தூக்கப் போனேங்க. புடிச்சு இழுத்துட்டாங்க.

— ம்.

— மறுநாள் போன் அடிச்சுச்சு. சொல்லிறணும்னுதான் தூக்குனேன். நான் வாயத் தொறக்குறதுக்குள்ள இந்த அண்ணன், எங்கய்யா விட்டோம்னு கேட்டு வாசிக்கத் தொடங்கிட்டாரு. ரொம்ப நாளைக்குப் பொறகு நம்ம ஊருப் பேச்சு. கேட்டுக்கிட்டே இருந்துட்டேன். அதுக்குப் பொறகு நானே கோல் பண்ணேன்.

— பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா. நான் அவன் சிரிக்கணும்னுல்ல மொட்டை கொரல்ல எல்லாம் பேசிக் காட்டுனேன்.

— மன்னிச்சுருங்கண்ணே.

— ஒங்களுக்கு வீடு இல்லையா தம்பி? அங்க பேசலாமே.

— அம்மா இருக்காங்க. நான் துபாய்ல கடையில நிக்கிறேன்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க. அவங்ககிட்டப் பேசுனா, சாப்பாடு நல்லா இருக்கு, ஏசி ரூம்பு அது இதுன்னு பொய்யாச் சொல்லிக்கிட்டே இருக்கணும். இங்க ம் போட்டாப் போதும்.

— மாமாகிட்ட நீங்க சொல்லணும். நான் சொல்லி அவரு கேக்கல.

— கூட்டிட்டு வாங்க, சொல்றேன். ஆனா அக்கா, நாளைக்கு நான் இருப்பேனான்னு தெரியாது.

— அப்ப இந்தக் கோல் முடிஞ்சதும் இந்தப் போனுக்கு ஒரு வாய்ஸ் போட்டு விடுங்க. நடந்தத நடந்த மாதிரியே சொல்லுங்க. வெள்ளிக்கெழமை கருமாதி வச்சுருவோம்.

— போட்டு விடுறேங்க. அதோட போன ஓஃப் பண்ணிர்றேன். இனிமே தொந்தரவு குடுக்க மாட்டேன்.

— ஓஃப் பண்ணாதீங்க. அடுத்த வாரமும் பேசுங்க, அண்ணன் வாசிப்பாரு. ஒங்க பேரச் சொல்லிப் பேசுங்க தம்பி.