மங்கோலியச் சம்பந்தம்

மோர்னிங்சைட் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். தான் விரும்பும் மங்கோலிய இளைஞனைக் கட்ட மகள் சம்மதம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எந்த ஊர், என்ன பகுதி, என்ன சாதி எண்டு சனம் கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல?”

“ஒருகாலம் சீனாவையே ஆண்ட ஆக்கள் எண்டு சொல்லுங்கோ, அம்மா.”

“இப்ப என்னத்தை ஆளுறார்?”

“மிசிசாகாவிலை ஒரு கிடங்கிலை சாமான் தூக்குற ஃபோர்க்லிஃப்ட் ஓடுறார்.”

“சீனாவை விட்டிட்டு அதுக்கோ வந்தவர்?”

“கொரியா ராசாக்களே மங்கோலியரோடை சம்பந்தம் செய்தவை.”

“அவையள் சண்டையிலை தோத்துப்போய்ச் செய்தவை. நான் இன்னும் தோக்கேல்லை.”

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தாள். இரண்டு நிறுத்தங்கள் போயின. தாய் மகளின் தோளைத் தட்டினாள்.

“ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச்சொல்லு. குதிரையை வெளியிலை கட்டட்டும்.”